மாமனாரின் வலது கிட்னி

"ஐயோ... என் வலது கிட்னியைக் காணோம்!"

மாமனாரின் அலறலில் ஸ்கேன் அறையின் திரைச்சீலையே ஆடியது.

ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்த சின்ன மருமகன்தான் வாய் தவறி அதைச் சொல்லித் தொலைத்திருந்தான். விலா எலும்புக்கு அடியில், வழக்கமான இடத்தில், தேடித் தேடிப் பார்த்துவிட்டான். ஈரல் இருந்தது. கிட்னி...?

இல்லை!

"எனக்குப் போன தடவை குடலிறக்க ஆபரேஷன் பண்ணினது உங்க சகலைதானே? அவர்தான் உருவிட்டார்!"

மாமனாரே போலீசுக்குப் போன் போட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வரும்போதே பெரிய மருமகனான சர்ஜனை அள்ளிக்கொண்டு வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்.

சின்ன மருமகனின் செல் அலறியது. மனைவி!

"எங்க அக்கா வீட்டுக்காரரை உள்ள தள்ளிட்டு, எந்த மூஞ்சியோட சோத்துக்கு வருவீங்க?"

வியர்த்துப்போய், ஸ்கேன் சென்டரின் பெரிய டாக்டரம்மாவைக் கூப்பிட்டான். வந்ததுமே அவர் முறைத்தார்.

"பெரியவரை ஏன்ப்பா நிக்க வச்சிருக்கே?"

"மருமகன் முன்னாடி மல்லாக்கப் படுக்கறது மரியாதை இல்லைன்னு அடம் பிடிச்சார் டாக்டர்..."

"அட ராமா! வயசானா கிட்னியைத் தாங்கிப் பிடிக்கறதெல்லாம் தளர்ந்து, அது கொஞ்சம் சரியும். நின்னா இன்னும் இறங்கும். நீ மாடியிலேயே தேடிட்டு வீட்டுல ஆளே இல்லைங்கறே!"

கருவியைக் கீழே நகர்த்தினார். திரையில்... கொழுகொழுவென்று ஓர் அவரை விதை!

"இதோ... சுகமா உக்காந்திருக்கார்!"

மாமனார் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்னோடதுதானா? நல்லா பாருங்கம்மா."

"உங்க வயித்துல ஊரான் கிட்னியா இருக்கும்?"

சின்ன மருமகனுக்குப் போன உயிர் திரும்பியது. சகலையைக் காப்பாற்ற வராந்தாவுக்குப் பாய்ந்தான்.

அவன் வாயைத் திறப்பதற்குள்...

சர்ஜன் இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்திருந்தார்!

"அடிக்காதீங்க சார்! எல்லாத்தையும் சொல்லிடறேன்! மாமாவோடதை நான் தொடவே இல்லை... நான் எடுத்து வித்தது அந்த லாரி டிரைவரோடது மட்டும்தான்!"



"சகலை..." சின்ன மருமகன் ஈனசுவரத்தில் முனகினான். "மாமாவோடது... கீழ இறங்கியிருந்துச்சு... கிடைச்சுடுச்சு..."

சர்ஜனின் முகம் வெளுத்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தபடி எழுந்தார்.

"மாமனார் கிட்னி இறங்கினது இருக்கட்டும்... நீங்க ஜீப்ல ஏறுங்க, மாப்பிள்ளை!"