பெறுநர்: டீச்சர்

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு முற்பகலில் பட்டனக்கா அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். கீழ்த்தளம் முழுக்கச் சரக்குக் கிடங்கு. நனைந்த அட்டைப்பெட்டிகளின் வாசனை அவளோடு படியேறி வந்தது. மேல்தளத்தில், கப்பலில் போகும் சரக்குக்குக் காப்பீடு தரும் ஒரு சிறிய நிறுவனம் இருந்தது. நீளமான அறை, தாழ்ந்த கூரை, ஒரே பக்கத்தில் வரிசையாக ஜன்னல்கள். குழல் விளக்கு ஒன்று கண் சிமிட்டுவதுபோல் விட்டுவிட்டு எரிந்தது. அதை யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. பேச்சுச் சத்தமும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்த தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள்.

அவளுடைய சொந்தப் பெயரைத் தொழிலில் யாரும் சொல்வதில்லை. அலுவலகக் கணினிகளில் இருக்கும் மெயில் மென்பொருளுக்குள் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் குட்டி நிரல்கள் உண்டு; ஆட்-இன் என்பார்கள். அவற்றை எழுதிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. ‘அனுப்பு’ பட்டனுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டன் முளைக்கும். இணைப்பை மறந்துவிட்டு அனுப்பப் போகிறவரை அது ஒரு வார்த்தை கேட்டு நிறுத்தும். “இவ்வளவு படிச்சிட்டு பட்டன் தைக்கிறியே” என்று தம்பி ஒருநாள் கிண்டல் செய்தான். அன்றிலிருந்து அவள் பட்டனக்கா.

மேலாளர் அவளை முன்வாசல் மேஜைக்கு அழைத்துப் போனார். மெலிந்த மனிதர், காதருகே வந்து சொல்வதுபோல்தான் பேசுவார். வரவேற்பாளர் பெண்ணை நகரச் சொல்லிவிட்டு, புதிய மெயில் ஒன்றைத் திறந்து, பெறுநர் கட்டத்தில் ஒரே ஒரு எழுத்தைத் தட்டினார். உடனே கீழே பெயர்கள் விரிந்தன. முதல் பெயரை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. விரலால் மட்டும் காட்டினார்.

“இவங்க இப்போ இல்லைங்க.”

“வேலையை விட்டுட்டாங்களா?”

“இறந்துட்டாங்க.”

கிளைம் பிரிவில் இருந்தவர். யார் மெயில் எழுதினாலும் எழுத்துப் பிழையைத் திருத்தித் திருப்பி அனுப்புவாராம். அதனால் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவருடைய மெயில் கணக்கை மூடியாகிவிட்டது. ஆனால் மென்பொருள் மறக்க மறுக்கிறது. அவசரத்தில் யாராவது அந்தப் பெயரை அழுத்திவிடுகிறார்கள்.

“அந்தப் பேர் இனிமே வரக்கூடாது. தப்பித் தவறி வந்தாலும், அனுப்புறதுக்கு முன்னாடி நிறுத்திடணும். முடியுமில்ல?”

“அரை நாள் வேலை சார்” என்றாள் பட்டனக்கா.

உட்கார ஓர் இடம்தான் காலியாக இருந்தது. ஜன்னலோரம், மேலாளரின் மேஜைக்கு நேர் எதிரே. நடுவில் ஒரு நடைபாதை மட்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் தலைவலித் தைலத்தின் வாசனை லேசாக வந்தது. இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். காலியாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

அது யாருடைய இடம் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

முதலில் ஒவ்வொரு கணினியிலும் நினைவில் இருந்த அந்தப் பெயரை அழித்தாள். சாப்பாட்டு வேளைக்குள் அது மறுபடி வந்துவிட்டது. சர்வரிலிருந்து வந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நிரலை எழுத ஆரம்பித்தாள். சிக்கலான விஷயம் இல்லை. ‘அனுப்பு’ அழுத்தியதும் பெறுநர்களைப் பார். அந்த முகவரி இருந்தால் நிறுத்து. தன் லேப்டாப்பில் வேண்டுமென்றே டீச்சருக்கு ஒரு மெயில் போட்டுப் பார்த்தாள். நின்றது. முன்வாசல் கணினியில் நிறுவினாள்.

“எனக்கு ஒரு மெயில் போடும்மா. சும்மா ஏதாவது எழுது.”

வரவேற்பாளர் பெண் ‘வணக்கம் அக்கா’ என்று எழுதி அனுப்பினாள். மெயில் வந்தது. அதைத் திறந்த பட்டனக்கா, பெறுநர் வரிசையை இரண்டு தடவை படித்தாள்.

தன் பெயர். அதன் பக்கத்தில் டீச்சர் பெயர்.

“ரெண்டு பேருக்குப் போட்டியா?”

“இல்லக்கா. உங்களுக்கு மட்டும்தான்.”

நிரலின் பதிவைத் திறந்து பார்த்தாள். பட்டனை அழுத்திய கணத்தில் பெறுநர் ஒருவர்தான். அது சோதித்து, வழிவிட்டிருக்கிறது. அதற்குப் பிறகு, வாசலைத் தாண்டிய பிறகு, இன்னொருவர் சேர்ந்திருக்கிறார்.

“சரி, இல்லாத முகவரிதானே. திரும்பி வந்துடும்” என்றாள்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள். “முன்னாடி வந்துட்டிருந்துச்சுக்கா. இப்போ கொஞ்ச நாளா திரும்பி வர்றதில்லை.”

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் வேறு ஊரில் இருந்தார். பட்டனக்கா அவரைப் போனில் பிடித்தாள்.

“அந்தப் பெட்டியே கிடையாதுங்க. நானே அழிச்சேன்” என்றார் அவர்.

“போன மெயில் திரும்பி வரலையே.”

“வரணுமே.” மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. “பட்டுவாடா ஆயிடுச்சுன்னு காட்டுது.”

“எங்கே?”

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று அவர் வைத்துவிட்டார். கூப்பிடவே இல்லை.

மறுநாள் மேலாளரின் கணினியில் ஆட்-இன்னை நிறுவப் போனாள். மெயில் பெட்டி திறந்தே இருந்தது. வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, டீச்சரிடமிருந்து வந்த மெயில்கள். எல்லாம் இந்த வாரத்தில் வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே ஒரு சொல்.

பார்க்கிறேன்.

மேலாளர் கையை நீட்டித் திரையை அணைத்தார்.

“எது கேட்டாலும் டீச்சர் இப்படித்தான் பதில் போடுவாங்க. கவனிக்கிறேன்னு அர்த்தம்” என்றார்.

“தெரியுது சார்.”

“இப்போ எந்த அர்த்தத்துல வருதுன்னுதான் தெரியல.”

அவள் கை கழுவப் போன இடத்துக்கு வரவேற்பாளர் பெண்ணும் வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்.

“அந்த மேஜைலதான்க்கா செத்துப் போனாங்க. தலைவலின்னு கவிழ்ந்து படுத்தாங்க. அதுக்கப்புறம் எழுந்திருக்கல. சாயங்காலம் வரைக்கும் யாருக்குமே தெரியாது. எல்லாரும் அவங்களுக்கு மெயில் போட்டுட்டே இருந்தோம். பதில் வரலைன்னு மறுபடி மறுபடி போட்டோம். சார்தான் ரொம்ப. அவசரம்னு சிவப்புக் கொடி வச்சு.”

“எதிர்லயே உட்கார்ந்துகிட்டா?”

“எதிர்லயே உட்கார்ந்துகிட்டு.”

பட்டனக்கா அந்த மேஜைக்குத் திரும்பினாள். வேறு இடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்களே என்ற வீம்பு. இன்னும் ஒரு மணி நேர வேலை, முடித்துவிட்டுப் போய்விடலாம்.

வெளியே வெயில் வந்திருந்தது. ஜன்னல் வழியே மேஜைமேல் அது வெள்ளையாக விழுந்தது. தைல வாசனை இன்றைக்குக் காரமாக இருந்தது. கண் எரிந்தது. இடது பக்க நெற்றிப்பொட்டில் ஒரு சின்னத் தெறிப்பு. அது பின்மண்டைக்குப் போனது. ஒரு நிமிடம் கண்ணை மூடலாம் என்று கைகளை மடித்து, அதன்மேல் தலையை வைத்தாள்.

பிறகு தூக்க முடியவில்லை.

தூக்கம் இல்லை அது. எல்லாம் கேட்டது. விசைப்பலகைகள், நாற்காலிச் சக்கரம், யாரோ இருமுவது. கண் பாதி திறந்திருந்தது. லேப்டாப் திரையின் ஓரம் தெரிந்தது. கையை அசைக்கச் சொன்னாள். கை யாருடையதோ மாதிரி கிடந்தது. கூப்பிட நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

‘டிங்’ என்றது லேப்டாப்.

மேலாளரிடமிருந்து மெயில். *முடிந்ததா?*

நடைபாதைக்கு அப்பால் அவருடைய செருப்பு தெரிந்தது. ஒரு கால் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

டிங். *பதில் வரவில்லையே.*

மூச்சு உள்ளே போனது. வெளியே வர நேரமானது. அவளுக்குப் பக்கத்தில், காதோடு காதாக, இன்னொரு மூச்சு கேட்டது. அதுவும் வெளியே வரத் திணறியது.

டிங். *அவசரம்.* பக்கத்தில் சிவப்புக் கொடி.

எழுந்து வாங்க சார் என்று அவள் மனசுக்குள் கத்தினாள். நாலு அடிதான். எழுந்து வாங்க.

டிங்.

பக்கத்து மூச்சு நின்றுவிட்டது.

அப்போதுதான் ஒரு கை அவள் தோளைப் பிடித்து உலுக்கியது. “அக்கா. அக்கா, என்னைப் பாருங்க.” வரவேற்பாளர் பெண். கட்டு அறுந்ததுபோல் உடம்பு தளர்ந்தது. பட்டனக்கா நிமிர்ந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கினாள். கன்னத்தில் மேஜையின் குளிர்ச்சி ஒட்டிக்கொண்டிருந்தது.

அறை முழுக்கத் தட்டச்சு நின்றிருந்தது.

அந்தப் பெண் மேலாளரைத் திரும்பிப் பார்த்தாள். “தலை கவிழ்ந்து கிடக்கிறாங்க. ஒரு எட்டு வந்து பார்க்கக் கூடாதா சார்?”

“தூங்குறாங்கன்னு நினைச்சேன்.”

“அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க.”

மேலாளர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நடைபாதையைக் கடந்து வந்தார். வயதானவர் ஆற்றில் இறங்குவதுபோல் அடிமேல் அடி வைத்து வந்தார். பட்டனக்காவை அவர் பார்க்கவில்லை. அவள் இருந்த நாற்காலிக்குப் பின்னால், கொஞ்சம் மேலே, யாரோ நிற்கிற உயரத்தில் பார்த்தார்.

“வந்துட்டேன், டீச்சர்” என்றார்.

அறையில் இருந்த எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் ‘டிங்’ என்றன.

யாரும் கையை நீட்டவில்லை. மெயில் தானாகவே எல்லாத் திரைகளிலும் விரிந்தது. ஒரே ஒரு சொல். எழுத்துப் பிழை இல்லாமல், முற்றுப்புள்ளியோடு.

பார்த்தேன்.

அந்த வேலையைப் பட்டனக்கா முடித்துக் கொடுக்கவில்லை. நிறுவியதை எல்லாம் நீக்கிவிட்டு, வரவேற்பாளர் பெண்ணின் கையை ஒருமுறை இறுகப் பிடித்துவிட்டுக் கிளம்பினாள். மேலாளர் அடுத்த நாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. தன் சாமான்களை எடுக்கக்கூட ஆளை அனுப்பவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண்ணே போன் செய்தாள்.

“பேர் வர்றதில்லக்கா. மெயிலும் வர்றதில்ல. அந்த மேஜையைக் கீழே கிடங்குல போட்டுட்டாங்க.”

“நல்லதாப் போச்சு.”

“ஆனா மத்தியானத்துல யாராவது அசந்து தலையைச் சாய்ச்சா, யாரோ வந்து தோளைத் தொடுறாங்களாம். நிமிர்ந்தா யாரும் இல்லையாம். நாலஞ்சு பேர் சொல்லிட்டாங்க. யாரும் பயப்படலக்கா. ஒருவிதத்துல நிம்மதியாத்தான் இருக்கு. நம்மளைப் பார்க்க ஒருத்தர் இருக்காங்கன்னு.”

பாவம் டீச்சர், தனக்குக் கிடைக்காததை மற்றவர்களுக்குச் செய்கிறார் என்று பட்டனக்கா நினைத்துக்கொண்டாள்.

ஒரு பிற்பகல் வீட்டில் தனியாக உட்கார்ந்து வேறொரு நிறுவனத்துக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கண் அயர்ந்தது. லேப்டாப்பை நகர்த்திவிட்டு மேஜையில் தலையைச் சாய்த்தாள்.

தோளில் ஒரு கை பட்டது.

இதமான கைதான். அவள் பயப்படவில்லை. “நல்லாத்தான் இருக்கேன், டீச்சர்” என்று முணுமுணுத்தாள். கை விலகும் என்று காத்திருந்தாள்.

விலகவில்லை. இரண்டு விரல்கள் தோளிலிருந்து மெல்ல ஏறி, கழுத்தின் பக்கவாட்டில் வந்து, நாடி பார்ப்பதுபோல் அழுந்தின. பொறுமையாக நின்றன. கொஞ்சம் கீழே நகர்ந்து மறுபடி அழுந்தின. காதுக்கு அடியில். தாடைக்குப் பக்கத்தில்.

தேடியது கிடைக்காததுபோல், அந்த விரல்கள் இடம் மாறி மாறித் தேடிக்கொண்டே இருந்தன.