மஞ்சள் தடவிய மத்தி

காலை ஒன்பது மணிக்குள் உறைந்த ஏரியில் நான்கு துளைகள் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு துளையின் மேலும் ஒரு கொடித்தூண்டில்: குறுக்காக ஒரு மரச்சட்டம், தண்ணீருக்குள் நூல் சுற்றிய உருளை, மடக்கி வைத்த கொடி. அடியில் மீன் இழுத்தால் கொடி நிமிரும். சிவப்புக் கொடிகள் இரண்டும் கித்தேரிக்கு. நீலம் இரண்டும் அவள் கணவன் தொம்மைக்கு. தூண்டில் முள்ளில் இரையாகச் செத்த மத்தி.

சற்றுத் தள்ளி, யார் எதைப் பிடித்தார் என்று கண்காணித்துப் பதியும் சாட்சிப்பொறி மூன்று காலில் நின்றது.

தூத்துக்குடித் தெருக்களைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, வடக்கு ஏரிகளின் கரையில் புது ஊர்கள் எழுந்தன. அங்கே சோறும் சூடும் வெளிச்சமும் இயந்திரங்கள் தந்தவை. ஒரு குளிர்காலத்தில் அவை பதினொரு நாள் நின்றன. பாதிப் பேர் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து சட்டம் இதுதான்: இயந்திர உதவியின்றி ஒரே பகலில் ‘பைக்’ என்னும் ஏரி மீன் ஒன்றைத் தன் கொடியில், தன் கையால் தூக்குபவருக்கே வீடு. ஆளுக்கொரு மீன், முழு மீன். மற்றவர் அடுத்த கப்பலில் தெற்கு முகாமுக்கு.

மதியம் வரை ஒரு கொடியும் அசையவில்லை.

"ஏட்டி கித்தேரி, கீழ மீனு இருக்கா, இல்ல அதுவும் முகாமுக்குப் போயிட்டா?"

"வாய மூடிட்டு நில்லுங்க. வரும்."

ஒன்றரை மணிக்குச் சிவப்புக் கொடி ஒன்று நிமிர்ந்தது. கித்தேரி ஓடினாள். நூலை விட்டு விட்டு இழுத்தாள். வாத்து மூக்கும் நாய்ப் பல்லுமாக, கை நீள மீன் பனியில் விழுந்து துடித்தது.

"நம்ம கடல் ஊளி மீன் மாதிரில்லா இருக்கு!" தொம்மை சிரித்தான். "உனக்கு வீடு கெடச்சிட்டு."

அவள் சிரிக்கவில்லை. மீன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றியபோது விரலில் மஞ்சள் வாசம் அடித்தது. விடியலில் இரைக்கென்று கொடுத்த பன்னிரண்டு மத்தியையும் அவள்தான் குடலெடுத்து, உப்பும் மஞ்சளும் தேய்த்துக் கழுவியிருந்தாள். கை தானாகச் செய்த வேலை. சந்தையில் இருபது வருடம் மீன் அறுத்த கை.

"நாறுனாத்தான தேடி வரும்," என்றாள். "நாறவிடாம கழுவிட்டேன்."

"குழம்பா வைக்கப் போற? சரி, போனது போச்சு. பொழுதும் சாயப் போவுது. நீ வீட்டுக்குப் போ. நான் முகாம்ல இருந்துட்டு அடுத்த வருஷம் வாரேன்."

முகாமிலிருந்து அடுத்த வருடம் வந்தவர் எவரும் இல்லை. இருவருக்கும் அது தெரியும். பனி எங்கோ ஆழத்தில் முனகியது.

பிறகு கித்தேரி கத்தியை எடுத்தாள்.

"விண்ணப்பதாரர் கவனத்திற்கு," என்றது சாட்சிப்பொறி. "அறுக்கப்பட்ட மீன் கணக்கில் சேராது. சூரியன் மறையுமுன் வேறு முழு மீன் பிடிக்காவிட்டால் தங்கள் வீட்டுரிமை ரத்தாகும்."

"தெரியும்யா."

வயிற்றைக் கிழித்தாள். ஈரலும் குடலும் ஆவி பறக்க வெளியே வந்தன. வயிற்றுச் சதையை விரல் அகலத்துக்கு வார்ந்து, குடலோடு சேர்த்து நான்கு முள்ளிலும் கோத்தாள்.

"பைத்தியக்காரி," என்றான் தொம்மை.

"உங்க கொடியப் பாருங்க."

சூரியன் மறைவது இரண்டு நாற்பதுக்கு. இரண்டு இருபதுக்கு நீலக் கொடி நிமிர்ந்தது. தொம்மை இழுத்தது முதல் மீனைவிடப் பெரிது.

"இரண்டாம் விண்ணப்பதாரர் தேர்ச்சி," என்றது சாட்சிப்பொறி. "மீனை முழுதாக ஒப்படைக்கவும். பன்னிரண்டு நிமிடங்கள் மீதம்."

தொம்மை மீனை ஒப்படைக்கவில்லை. கித்தேரியின் அருகே கொண்டுவந்து போட்டான். குனிந்து கத்தியை எடுத்தான்.

"இதையும் அறுக்கவா? போனா ரெண்டு பேருமாப் போவோம்."

"கிறுக்கா உங்களுக்கு? கத்தியக் கீழ வைங்க. இன்னும் நேரம் கெடக்கு. வரும்."

அவன் கத்தியைக் கீழே வைக்கவில்லை. இருவரும் தோள் உரச நின்று சிவப்புக் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.