சாயோ கையில் அம்மாவின் வில்லை

இபுகிக்கு வயிறு எரிந்தது. பின்னே, எரியாதா? பெற்ற அம்மாவே வகுப்பறை நடுவில் நின்று இன்னொருத்தியைப் புகழ்ந்தால்?

ஒசாகாவில் அது விடாத மழைக்காலம். அம்மா சோடியம் பேட்டரி ஆராய்ச்சி செய்பவள். தன் வேலையைப் பற்றிச் சொல்ல இபுகியின் ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். கையில் காற்றுப் புகாமல் ஒட்டிய பை. அதற்குள் மாத்திரை போல ஒரு வெள்ளை வில்லை.

"சாதா பேட்டரிக்குள்ள திரவம் இருக்கும். அதுக்குப் பதிலாத்தான் இந்த வில்லை. கெட்டியா இருந்தாலும் சோடியம் இதுக்குள்ள ஓடும். ஆனா ஈரக்காத்து பட்டா கெட்டுடும். ஏன்னு சொல்லுங்க பாக்கலாம்?"

"கந்தகம் கலந்திருக்கா?" என்றாள் இபுகியின் வகுப்புத் தோழி சாயோ.

"அடி கெட்டிக்காரி! நீ எங்க ஆய்வகத்துக்கே வந்துடு!" என்று பையை அவளிடம் கொடுத்தாள் அம்மா.

ஆய்வகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி இபுகி எத்தனை முறை கெஞ்சியிருப்பாள்! 'சின்னப் பிள்ளைக்கு அங்க என்ன வேலை?' என்றுதான் பதில் வரும். சாயோ மட்டும் என்ன கிழவியா?

சாயோ பூரித்துப்போய்ப் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். சட்டையில் ஊசியால் குத்தியிருந்த பெயர் அட்டையை அவள் நினைக்கவே இல்லை. அம்மாவும் டீச்சரும் படத்திரையை எடுத்துவர வெளியே போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் குப்பென்று அழுகிய முட்டை நாற்றம்!

"ஐயே! சாயோ குசு விட்டுட்டா!" ரிக்குதோ மூக்கைப் பிடித்தான். வகுப்பே சிரித்தது.

"நான் இல்ல..." சாயோவுக்கு அழுகை முட்டியது.

இபுகிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். 'நல்லா வேணும்' என்று மனசு குதித்தது. ஆனால் சாயோவின் கன்னத்தில் கண்ணீர் உருண்டதும் அந்தச் சந்தோஷம் கசந்துபோனது.

"டேய், வாய மூடு! அவ இல்ல, பையில ஓட்டை! ஈரக்காத்து பட்டா அந்தக் கந்தகம் இப்படித்தான் நாறும்! ஜன்னலத் திற! சாயோ, அதை வெளிய வை!"

திரும்பி வந்த அம்மா பையைப் பார்த்தாள். ஊசி குத்திய ஓட்டை.

"நான் கெடுத்துட்டேன்," என்று விசும்பினாள் சாயோ.

"போகட்டும்மா, வேற செஞ்சுக்கலாம். கண்டுபிடிச்சது யாரு?"

எல்லோரும் இபுகியைக் காட்டினார்கள்.

"ஏண்டி, இதெல்லாம் எப்போ கத்துக்கிட்ட?"

"சாப்பிடும்போது நீ வேற எதைப் பத்திப் பேசியிருக்க?"

அம்மா சிரித்துவிட்டாள். "சரி, சனிக்கிழமை ஆய்வகத்துக்கு வா."

இபுகி சாயோவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இவளும் வரட்டும்மா. ஆனா முதல் வில்லையை நான்தான் செய்வேன்!"