மங்கிக்கொண்டே போன முந்திரி

முதுநகர் நிறுத்தத்தில் மழையோடு மழையாகப் பேருந்தில் ஏறினாள் இலக்கியா. காலியாக இருந்த ஒரே இருக்கையில் ஒரு தகர டப்பா சொகுசாக உட்கார்ந்திருந்தது... பக்கத்தில் ஒருவன், ஃபோனில் சத்தமாகப் பேசிக்கொண்டு.

"டப்பாவ எடுங்க. சிதம்பரம் வரைக்கும் நான் நின்னுக்கினு போறதா?"

டப்பாவை மடிக்கு மாற்றிக்கொண்டான். பேச்சை நிறுத்தவில்லை. "ஆமா மாமா... அந்த வெப்சைட்ட எழுதுனவனுக்குக் கண்ணு தெரியாது போல. என் முந்திரிப் பருப்பு அவிச்ச மொச்ச மாதிரி தெரியுது..."

அவன் ஃபோனை இறக்கியபோது திரையைப் பார்த்தாள். அவளுடைய தளம். உள்ளூர் விளைச்சலை விற்பதற்காக, அண்ணாமலை நகரில் இருக்கும் சின்னக் கம்பெனியில் உட்கார்ந்து அவள் எழுதியது.

"எழுதுனவன் இல்ல. எழுதுனவ. கண்ணு நல்லாவே தெரியுது."

திரும்பினான். மழைத்துளி ஒன்று அவன் இமையில் நின்றுகொண்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்தது...

"நான் வெல மாத்துனா ஓகே குடுக்குற இலக்கியா... நீங்களா? நான் எழிலன். காடாம்புலியூர்."

"நீங்க ஏத்துற படம் மலை மாதிரி பெருசு. எங்கம்மா ஃபோன்ல சிக்னல் ஒரு கோடுதான். அது தெறக்குறதுக்குள்ள அவுங்க சோறாக்கி எறக்கிடுவாங்க. அதான் அளவச் சுருக்கி, தரத்தயும் கொறச்சி வெக்கிறேன். மத்தவுங்க படம்லாம் பளிச்சினு இருக்குதே... உங்க கேமராவ மொதல்ல தொடைங்க."

அவன் நிஜமாகவே கேமராவைச் சட்டையில் துடைத்தான். அவளுக்குச் சிரிப்பு முட்டியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது டப்பாவைத் திறந்து ஒரு பருப்பை நீட்டினான். "நேர்ல எப்படி இருக்குதுன்னு பாருங்க." வெள்ளை வெளேரென்று, பிறை மாதிரி...

வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. விற்பவர் எதைத் திருத்தினாலும் அது அவள் ஒப்புதலுக்கு வரும். எழிலனின் பக்கம் காலையில் வந்தது, மதியம் வந்தது, சாயங்காலமும் வந்தது. திறந்தால் விலை அதேதான், எடையும் அதேதான். படம் மட்டும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மங்கியிருந்தது. லூசா இவன் என்று திட்டிக்கொண்டே அவள் ஒப்புதல் தந்தாள். ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பார்த்தாள்... அது வேறு கோபம்.

ஒரு மழை மதியத்தில் அவனே அலுவலகத்துக்கு வந்து நின்றான். தலையெல்லாம் ஈரம். கண்ணில் சிரிப்பு இல்லை.

"உங்க சைட்லேருந்து என் கடைய எடுத்துடுங்க. தீபாவளிக்கு வாங்குறதா இருந்த ஸ்வீட் கடைக்காரரு, படத்தப் பாத்துட்டு பழைய சரக்குன்னுட்டாரு. எங்க பேரே போச்சி."

"என் கோடிங்ல தப்பில்ல," என்றாள், பார்க்காமலே. வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் அவள். ஒரு தப்புச் செய்தால் போதும், 'இதுக்குத்தான் இவங்களயெல்லாம் எடுக்கக் கூடாது' என்று சொல்ல எத்தனை வாய் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் கோடிங்கைத் திறந்து பார்த்தாள். சேமிக்கும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே சுருக்கிய படத்தையே எடுத்து மறுபடி சுருக்கி, தரத்தை மறுபடி குறைக்கிறது. துவைத்த துணியையே துவைத்துச் சாயம் போக்குகிற மாதிரி. மற்றவர்கள் திருத்துவதே இல்லை. அதனால் தப்பித்தார்கள்.

"உக்காருங்க," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "தப்பு என்னுது. கடைக்காரரு நம்பர் குடுங்க."

அவன் எதிரிலேயே கடைக்காரரிடம் பேசினாள். "சரக்கு நல்ல சரக்குங்க. கெடுத்தது நான் எழுதுன கோடிங். சாயங்காலம் படத்த ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணுங்க." யார் காதில் விழுந்தாலும் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.

பிறகு திருத்தினாள். அவன் ஏற்றிய அசல் படம் தனியாக இருக்கும், யாரும் தொட முடியாது. எத்தனை முறை சேமித்தாலும் சுருக்குவது அசலிலிருந்துதான். அவன் படத்தை மறுபடி ஏற்றினான்... திரையில் பிறை பிறையாக முந்திரி பூத்தது. கொஞ்ச நேரத்தில் கடைக்காரரிடமிருந்து ஃபோன். அனுப்பச் சொல்லிவிட்டார்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "வெல மாறவே இல்ல. அப்புறம் எதுக்கு தெனம் மூணு தடவ சேவ் பண்ணீங்க?"

அவன் மழையைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "சேவ் பண்ணா... 'இலக்கியா ஒப்புதல் தந்தார்'னு ஃபோன்ல வரும்... அதுக்குத்தான்."

அவளுக்குக் காது சூடாகிப்போனது. "ஒரு மெசேஜுக்காக சொந்த சரக்கக் கெடுத்துக்கிட்ட ஆளு நீங்கதான்."

"இனிமே எத்தன தடவ அமுக்குனாலும் கெடாதுல்ல?"

"கெடாது. ஆனா அமுக்க வேணாம்."

அவன் முகம் வாடியது. கண்களைத் தாழ்த்தியவன், அவள் விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கவனித்தான். உள்ளே ஒற்றை முந்திரிப் பருப்பு. வெள்ளை வெளேரென்று...

"இது..."

கை நீட்டியவனின் விரலைச் செல்லமாகத் தட்டினாள் இலக்கியா.

"பஸ்ல குடுத்தீங்கல்ல, அதான். தின்ன மனசு வரல. எனக்கும் அன்னிக்கே உங்களப் புடிச்சிப்போச்சி... போதுமா? கை வெக்காதீங்க. அது அசல்."