பிறக்காதவனின் சம்மதம்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஆரபி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மகனைப் பார்க்கப் போவாள். மகன் இன்னும் பிறக்கவில்லை. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் கோயம்புத்தூர் வருபிள்ளை நல அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் இருந்தது, எண் இருந்தது, சம்பளம் வாங்கும் காப்பாளர் ஒருவரும் இருந்தார். பிறந்துவிட்ட பிள்ளைகள் அங்கன்வாடிகளில் விசிறியில்லாமல் வேர்த்துக் கிடக்க, பிறக்காத பிள்ளைகளுக்கு இங்கே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஜனத்தொகை சரியத் தொடங்கியதும் அரசாங்கத்துக்குத் தாய்மையின் மேல் திடீர்ப் பாசம் பொங்கியிருந்தது. பதினெட்டு வயதாகும் ஒவ்வொரு பெண்ணின் மரபணுவையும் வாங்கி, அவளுக்குப் பிறக்கக்கூடிய பிள்ளையைக் கணித்து, அதையும் ஒரு குடிமகனாகவே பதிந்து வைத்தார்கள். அதுதான் வருபிள்ளை. அதற்குக் கெடுதல் செய்யக்கூடிய மருந்து எதையும் அதன் சம்மதம் இல்லாமல் பெண் தொடக்கூடாது.

ஆரபிக்கு வேண்டியது முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் கேப்சூல். இரண்டு கன்னங்களிலும் சீழ்க்கட்டிகள். ஒருக்களித்துப் படுத்தால் தலையணை உறையில் ரத்தம். களிம்பும் ஆன்டிபயாடிக்கும் போட்டுப் பார்த்தாயிற்று. இன்னும் தள்ளிப்போட்டால் குழிகள் நிரந்தரமாகிவிடும் என்று தோல் டாக்டர் எச்சரித்திருந்தார். கர்ப்பத்தில் சாப்பிட்டால் சிசுவுக்கு ஊனம் வரும் என்பது உண்மைதான். கர்ப்பமில்லை என்று சோதித்து, தடுப்பு முறையோடு சாப்பிட்டு, நிறுத்தி ஒரு மாதம் போனால் அந்த ஆபத்து விலகிவிடும் என்பதும் உண்மைதான். முதல் உண்மையோடு இலாகாவின் காது அடைத்துக்கொண்டது. ஆண்களுக்கு வருபிள்ளைப் பதிவே கிடையாது. அவளோடு வேலை பார்க்கும் சபரீஷ் அதே கேப்சூலைச் சாப்பிட்டுவிட்டு வழவழவென்று திரிந்தான்.

"வாங்க அம்மணி," என்றார் காப்பாளர் வரதராஜுலு. "தம்பிய இன்னைக்கு எந்த வயசுல பாக்கறீங்க? போன மாசம் நாலு வயசுல பாத்துட்டு அழுதுட்டே போனீங்க."

அழுதது வாஸ்தவம். "அம்மா, எனக்குக் காது இல்லாமப் போயிருமா?" என்று ஸ்கிரீனில் அந்த வாண்டு கேட்டது. இலாகா எழுதிக் கொடுத்த வசனம் என்று தெரிந்தும் அழுதிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பதினாறுல காட்டுங்க சார். எனக்கு இது ஆரம்பிச்ச வயசு."

இலாகா இளவேந்தன் என்று பெயரிட்டிருந்த அந்த மகன் ஸ்கிரீனில் வந்தான். கன்னம் இரண்டிலும் அவளுடைய அதே கட்டிகள். "மூஞ்சியெல்லாம் எரியுதும்மா. ஸ்கூலுக்குப் போகமாட்டேன்," என்றான். ஆரபியின் கை தானாக எழுந்து ஸ்கிரீனைத் தொட்டது. பாவம், பையன்.

வரதராஜுலு பதறிப்போனார். "ஐயையோ! வளர்ற பையன இப்படி விடலாமுங்களா?" என்று எதையோ தட்டினார். வருபிள்ளையின் வேதனைக்கு உடனே வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆறு மாதச் சிகிச்சை ஸ்கிரீனில் ஒரு நொடியில் ஓடி, பையனின் முகம் பளிச்சென்று ஆனது.

"பாருங்க, அந்தக் கேப்சூல் என்ன வேல செய்யுது! எத்தன லட்சணமா இருக்கான்!"

"அதே கேப்சூலத்தான் சார் நானும் கேக்கறேன்."

"அதுக்கு அவனில்லீங்களா சம்மதிக்கோணும்? ஏன் தம்பி, அம்மாவுக்குக் குடுக்கலாமா?"

இளவேந்தன் தன் புதுக் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "வேண்டாம் சார். அம்மா பொறுத்துக்குவாங்க."

விண்ணப்பம் மறுக்கப்பட்டது. ஆரபிக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. மாதாமாதம் பார்த்துப் பார்த்து, இவனை ஒருநாள் நிஜமாகவே பெற்றுக் கொஞ்ச வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் ஓர் ஆசை வைத்திருந்தாள். இப்போது தேடிப் பார்த்தாள். அது இல்லை.

"அடுத்த மாசம் எந்த வயசுல பாக்கறீங்க?"

"இனி வரமாட்டேன் சார்."

"பெத்தவ மனசு இப்படிக் கல்லாகலாமுங்களா? தம்பிகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

ஆரபி ஸ்கிரீன் பக்கம் குனிந்தாள். "கண்ணு, நான் உன்னப் பெத்துக்க மாட்டேன்."

அதற்கு இலாகா பதில் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. இளவேந்தன் சுத்தமான முகத்தோடு சிரித்துக்கொண்டே இருந்தான்.