புதுமனை புகுந்த பிணம்

"ஐயோ...!"

மெர்லிட்டாவின் அலறலில் வாசலில் மேய்ந்த கோழி பறந்தே போனது.

புது வீட்டுக் கூடத்தில் ரொடெல் மல்லாந்து கிடந்தான். குடியிருப்பின் கட்டட மேஸ்திரி. சட்டை முழுக்கச் சிவப்பு. பக்கத்தில் ஒரு சுத்தியல்.

நாளைக்குச் சாவி தருவதாக இருந்தார்கள். சாவிக்கு முன்னால் சாவு வந்துவிட்டது!

டிரைசைக்கிள் ஓட்டும் கணவன் இஸ்கோ சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"மெர்லி... அது என் சுத்தியல்டி!"

மெர்லிட்டா போன் போட்டாள். போலீஸுக்கு அல்ல. பெர்பெத்துவா அக்காவுக்கு.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் சொந்த வீட்டுக்கு ஏங்கும் ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டு வசதிச் சங்கம் நியமித்த வழிகாட்டி அவள். எப்படிச் சேமிப்பது, எப்படித் தவணை கட்டுவது, எப்படிச் சிரித்துக்கொண்டே சிமென்ட் குழைப்பது... எல்லாம் கற்றுக்கொடுத்தவள். மூன்று வருடச் சனிக்கிழமைகளை மெர்லிட்டா இந்தச் சுவர்களில் பூசியிருந்தாள். பெர்பெத்துவா குடை பிடித்தபடி மேற்பார்வை பார்த்தாள். பாவம், கை வலித்திருக்கும்!

உடனே வந்துவிட்டாள். உதட்டுச் சாயம்கூடக் கலையவில்லை.

"யாரும் கிட்டப் போகாதீங்க!"

குனிந்து பிணத்தின் மூக்கில் விரல் வைத்தாள். "போயிட்டான்..."

"போலீஸக் கூப்பிடலாமாக்கா?"

"தாராளமா! போன வாரம் கூரை ஒழுகுதுன்னு இவன் சட்டையப் புடிச்சவன் யாருன்னு கேப்பாங்க. புருஷனக் காட்டு. சுத்தியலையும் குடு. அவங்களுக்கு வேலை மிச்சம்."

மெர்லிட்டா இஸ்கோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற வழி இல்லையாக்கா...?"

"வீடு வேணாம்னு எழுதிக் குடு. இன்னைக்கே படகேறி நீக்ரோஸ் தீவுல இருக்கற உன் அண்ணன் வீட்டுக்குப் போயிடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன். உங்கள நடுத்தெருவுல விட எனக்கு மனசு வருமா?"

"வீடு போனா நடுத்தெருதானேக்கா...?"

"ஜெயிலுக்கும் கூரை இருக்கு. அங்க போறீங்களா?"

மெர்லிட்டா சமையலறையைப் பார்த்தாள். மகளுக்கு எட்டவேண்டும் என்று தாழ்வாக அடித்த அலமாரி. பெர்பெத்துவா நீட்டிய தாளையும் பேனாவையும் வாங்கினாள்.

அப்போதுதான் அதைக் கண்டாள்.

ஜன்னல் வழியே செவ்வெறும்புகள்! சாரை சாரையாக வந்து ரொடெலின் மார்பில் ஏறின... கழுத்தில் ஏறின...

பிணத்தின் மூக்கு துடித்தது.

"அக்கா... பிணம் நெளியுது!"

"அ... அது ஆவி பிரியுது! நீ கையெழுத்தப் போடு!"

ஆவி பிரியவில்லை. எழுந்து குதித்தது!

"ஐயோ... கடிக்குதே! சாயம் வாங்கிட்டு வான்னா, வீட்ல இருந்த வாழைப்பழ கெச்சப்ப ஊத்திட்டியே, படுபாவி!"

அவன் விரல் பெர்பெத்துவாவை நோக்கி நீண்டது.

ரொடெல் சொறிந்துகொண்டே கொட்டினான். "என்னை ஒண்ணும் பண்ணிடாதம்மா! வசதியான ஆள் ஒருத்தன் இந்த வீட்டுக்கு ரெண்டு மடங்கு தரேன்னான். உங்கள விரட்டினா எனக்கும் பங்குன்னா இவ!"

இஸ்கோ கையை ஓங்கினான். மெர்லிட்டா கணவனை வெளியே இழுத்தாள்.

கதவைச் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள். மறுபடி போன் போட்டாள். இந்த முறை சரியான எண்ணுக்கு.

உள்ளே ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. அசையவில்லை. இஸ்கோ பற்றவைத்த கம்பிகள்!

"மெர்லி! கதவத் திறடி! இத்தன வருஷம் உனக்கு வழி காட்டினவ நான்!"

"வழி காட்டி ஓஞ்சு போயிருப்பீங்க, கொஞ்சம் உக்காருங்கக்கா... வெளிய வர்ற வழிய போலீஸ் காட்டும்!"