ஆமை வேகத்தில் ஓர் ஆஸ்பத்திரி

"அஞ்சு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போடணும் சார். வேணும்னே சிஸ்டத்தைக் கெடுத்தேன்னு ஒரு கடிதம் எழுதி வெச்சிருக்காங்க. போட்டா இனிமே எனக்கு எங்கயும் வேலை கிடைக்காது."

கண் ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் பெண் சொன்னாள். துப்பறிவாளர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். நிதானம் என்பது அவருடைய பட்டப்பெயர். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். அவருக்குத் துணையாக வரும் மச்சினிக்கோ கேள்வி முடிவதற்குள் குற்றவாளி கிடைத்துவிட வேண்டும்.

"எப்போலேர்ந்து ஸ்லோ?"

"சனிக்கிழமை நல்லா இருந்துச்சு. சாயந்திரம், ஃபைலையெல்லாம் சேமிச்சு வெக்கிற கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிற அறையைப் பூட்டும்போது பல்பு ஃப்யூஸ் ஆச்சு. திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையா நானே மாத்தினேன். யார்கிட்டயும் சொல்லலை. அன்னைக்கே நோயாளி ஃபைல் திறக்க ஒரு நிமிஷம் ஆக ஆரம்பிச்சுது."

"சாவி?"

"என்கிட்ட ஒண்ணு, மேனேஜர்கிட்ட ஒண்ணு."

மேனேஜரின் அறையில் புத்தம்புது டிவி சுவரை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு நீல வயர் இறங்கியது.

"சம்பள உயர்வு கிடைக்கலைன்னு அந்தப் பொண்ணு செஞ்ச வேலை. நான் அந்த அறைக்குப் போயே ஆறு மாசம் ஆச்சு. போய்ப் பாருங்க. டார்ச் எடுத்துக்கோங்க, உள்ள பல்பு எரியாது," என்றார் மேனேஜர்.

உள்ளே பல்பு பளிச்சென்று எரிந்தது. மச்சினி வாயைத் திறக்கப்போனாள், நிதானம் கையமர்த்தினார். பெட்டியிலிருந்து ஒரு பெரிய ஃபைலை டேட்டாபேஸ் ஓடும் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னார். அது ஊர்ந்தது. அதே ஃபைல் ஸ்கேன் அறைக் கம்ப்யூட்டருக்குக் கண்மூடித் திறப்பதற்குள் போனது.

"டேட்டாபேஸைத் தொடாமலே ஸ்லோவா இருக்கு, அதனால தப்பு டேட்டாபேஸ்ல இல்ல. ஸ்கேன் அறைக்கு வேகமா போகுது, அதனால பெட்டியிலயும் இல்ல. மிச்சம் என்ன?"

"நடுவுல இருக்கிற வயர்தானே, அத்தான்?"

சுவரோரம் வயர்கள் வரிசையாகச் செருகியிருந்தன. எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு, ஒன்றுக்கு மட்டும் மஞ்சள். மற்ற வயர்கள் எல்லாம் நீலம். இது நசுங்கிப்போன பழைய சாம்பல் வயர். டேட்டாபேஸ் கம்ப்யூட்டருக்குப் போவது அதுதான்.

அந்தப் பெண்ணும் சேர்த்து மூவரும் மேனேஜரின் அறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"பத்து பேர் போற வழியில ஒருத்தரை மட்டும் விடுது அந்தப் பழைய வயர். நல்ல வயர் உங்க டிவிக்குப் பின்னாடி தொங்குது. பல்பு செத்துக் கிடந்தது சனிக்கிழமை சாயந்திரத்திலேர்ந்து திங்கட்கிழமை காலை வரைக்கும்தான். அந்த நேரத்துல உள்ள போனவருக்குத்தான் டார்ச் ஞாபகம் வரும்," என்றார் நிதானம்.

மேனேஜரின் முகம் செத்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை டிவில நெட் வழியா மேட்ச் பாக்கத்தான்... வயர்ல இவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"தெரியாம மாத்தினீங்க, சரி. போகவே இல்லைன்னு ஏன் சொன்னீங்க?"

மேனேஜர் டிவி பக்கம் பார்வையைத் திருப்பினார். நிதானத்துக்கே அப்போது கோபம் வந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

மேனேஜர் அந்தக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். "விட்டுடும்மா. நமக்குள்ளயே முடிச்சுக்கலாம். நீ வழக்கம்போல வேலைக்கு வா."

அந்தப் பெண் எழுந்து கதவை அகலத் திறந்தாள். வெளியே நர்ஸுகளும் டாக்டர்களும் வரிசையில் நின்ற நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைத் திட்டினது இவங்க எல்லார் முன்னாடியும்தான் சார். வாங்க, இதையும் அங்கயே சொல்லுங்க."